நஞ்சை விட்டால் வேறு வழியில்லை

ஜூன் 9, திங்கள்

திருக்காட்டுப்பள்ளி பேருந்தில் இன்று ஜன்னலோர இருக்கை கிடைத்தது. தஞ்சாவூர் வருவதற்குள் இருபது பக்கம் படித்துவிட்டேன். அலுவலகத்துக்குள் நுழைந்த பிறகு எந்த வாக்கியத்தையும் முழுதாகப் படிக்கவில்லை. வேலையே அப்படி.

அரசாங்கத்தின் புதிய மனுத் தளத்தில் ஜனங்கள் எழுதிப் போடுவதை முதலில் ஒரு மென்பொருள் படிக்கிறது. விஷம், தீக்குளிப்பு, தூக்கு என்று ஏதாவது கண்ணில் பட்டால் அந்தச் சொல்லைச் சிவப்புக் கட்டத்துக்குள் அடைத்து எங்களுக்கு அனுப்பும். கட்டத்துக்கு முன்னும் பின்னும் மூன்று நான்கு வார்த்தைகள், அவ்வளவுதான் தெரியும். நாங்கள் 'உறுதி' அல்லது 'விலக்கு' என்று அழுத்த வேண்டும். உறுதி என்றால் அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குத் தகவல் போய்விடும். ஒரு மனுவுக்கு ஏழு வினாடி. மவுஸ் மூன்று நிமிடம் அசையாமல் கிடந்தால் மேற்பார்வையாளர் ஜாஃபர் சாதிக் சாரின் திரையில் எங்கள் பெயர் மஞ்சளாகிவிடும்.

பக்கத்து இருக்கை ஜாய்ஸ் இதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறாள். சாப்பிடப் போகும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, அதன் மேல் மவுஸை ஏற்றிவிடுகிறாள். அடியில் நொடி முள் ஓட ஓடத் திரையில் அம்பு லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது.

"எனக்குப் பதிலா முள்ளு வேலை பாக்குது அக்கா. அதுக்கும் ஒரு ஐ.டி. கார்டு போட்டுக் குடுக்கச் சொல்லணும்."

ஜூன் 11, புதன்

'எழுத்தும் எந்திரமும்' என்ற இணையக் குழுவில் மறுபடி சண்டை. அங்கே என் பெயர் 'மதகு'. நான் யார், எந்த ஊர், என்ன வேலை என்று ஒருவருக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.

மனுத் தளம் மக்களுக்கு உதவவா, மக்களை வேவு பார்க்கவா என்று நான்தான் ஆரம்பித்தேன். குறை சொல்ல வருகிறவனின் சொல்லைக் காவல் நிலையத்துக்கு அனுப்பும் அரசாங்கத்திடம் இனி யார் மனம்விட்டுக் குறை சொல்வார்கள்?

ராஜ்குமார் பாய்ந்து வந்தார். பாபநாசத்துக்காரர், சிங்கப்பூரில் மென்பொருள் வேலை. சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு எழுதுகிறவர். "ஒரு உயிரைக் காப்பாற்றினால் போதாதா? அதுவும் எந்திரம் தானாக முடிவெடுப்பதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் பார்த்து உறுதிசெய்கிறார். விதியைப் படித்துவிட்டுப் பேசுங்கள், மதகு. முகத்தையே காட்டாதவர் அடுத்தவர் உரிமைக்குப் போராடுவது நல்ல வேடிக்கை."

முப்பத்தொரு பேர் அதற்குச் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள். அந்த மனிதர் எத்தனை வினாடி பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். எழுத முடியவில்லை. எழுதினால் எங்கே வேலை பார்க்கிறேன் என்று தெரிந்துவிடும்.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்துவிட்டார்கள். அம்மா காலண்டரில் வட்டம் போட்டாகிவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

இன்று நானூற்றுப் பன்னிரண்டு மனுக்கள். ஒன்றுகூட நினைவில் இல்லை. நினைவில் இருந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டுமோ?

ஜூன் 24, செவ்வாய்

குழுவில் யாரோ ஒரு காணொளி போட்டிருக்கிறார்கள். நன்னிலம் பக்கத்து விவசாயி, வீரையன் என்று பெயர். அறுபதை நெருங்கும் வயதிருக்கும். வயல் வரப்பில் நின்றபடி பேசுகிறார்.

"நஞ்சைன்னா வயலுங்க. நெல்லு வெளையற வயலு. வாய்க்கால தூர் வாருங்கன்னு மனுவுல எழுதினேன். மறுநா காலையில போலீஸ்காரங்க வந்து சட்டைப் பையத் தடவுறாங்க, பாட்டில் எங்கடான்னு கேக்குறாங்க. பாட்டில்ல தண்ணி இருந்துச்சுங்க. வாய்க்கால்லதான் இல்ல."

அன்றைக்கு அதிகாரிகள் வாய்க்கால் பார்வையிட வரும் நாளாம். இவரைச் சாயங்காலம் வரை காவல் நிலையத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள், நல்லெண்ணத்தோடு. அதிகாரிகள் வந்து போய்விட்டார்கள். வாய்க்காலைக் காட்ட ஆளில்லாததால் அது தூர்வாரும் பட்டியலில் ஏறவில்லை.

அவர் எழுதிய வரியை அப்படியே படித்துக் காட்டுகிறார்: "எங்கள் குடும்பத்துக்கு நஞ்சை விட்டால் வேறு வழியில்லை."

வயலை விட்டால் வேறு பிழைப்பில்லை என்கிறார். சிவப்புக் கட்டத்துக்குள் வைத்துப் பார்த்தால்—

இந்த வரியை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 25, புதன்

அலுவலகத்துக்குப் போனதும் என் பழைய பதிவுகளைத் திறந்தேன். ஜூன் 17, காலை பதினொன்று நாற்பத்திரண்டு. உறுதி. எடுத்துக்கொண்ட நேரம் நான்கு வினாடி.

நான்கு. மூன்று வினாடியை மிச்சம் பிடித்திருக்கிறேன். ஏழு போதாது என்று சொல்லித் தப்பிக்கக்கூட இடமில்லை.

எங்கள் நிலப் பத்திரத்தில் 'நஞ்சை மா ஐந்து' என்றுதான் இருக்கிறது; ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அம்மா தினமும் குத்தகைக்காரரைப் போனில் கூப்பிட்டு, "நஞ்சையில தண்ணி ஏறிடுச்சாப்பா?" என்று கேட்கிறார். பிறந்ததிலிருந்து காதில் விழும் சொல். சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டினால் நான் அதை நஞ்சு என்று படிக்கிறேன். எந்திரத்துக்குத் தமிழ் தெரியாது, சரி. எனக்கு என்ன கேடு?

ஜூன் 26, வியாழன்

காணொளியின் கீழே நானூறு பின்னூட்டங்கள். மதகு ஏன் மௌனம் என்று சிலர் கேட்கிறார்கள். ராஜ்குமார் எழுதியிருப்பது: "எந்திரம் சந்தேகப்பட்டது, அவ்வளவுதான். உறுதி செய்தவர் தமிழ் தெரிந்த ஒரு மனிதர். கேள்வியை அவரிடம் கேளுங்கள்."

கேட்டேன். அவர் கண்ணாடிக்குள் தலை வாரிக்கொண்டு நின்றார்.

ஜூன் 30, திங்கள்

ஜாஃபர் சாதிக் சார் தேநீர் குடிக்க வெளியே வந்தபோது பேச்சுக் கொடுத்தேன். உறுதி என்று போட்டதைத் திரும்பப் பெற முடியுமா?

"முடியும்மா. யாரு போட்டாங்களோ அவங்களே 'என் பிழை'ன்னு பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். மேல அனுப்பிருவேன். ஆனா இதுவரைக்கும் ஒருத்தரும் குடுத்ததில்ல."

"ஏன் சார்?"

"குடுத்தா அடுத்த ஒப்பந்தத்துல பேர் வராது." தேநீரை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீ சும்மா பொதுவாத்தான கேக்கற?"

"பொதுவாத்தான் சார்."

"அப்ப சரி. எனக்கும் பொதுவாத்தான் காது கேக்கும்."

திரும்பப் பெறாவிட்டால் 'அபாயம்' என்ற குறி ஒரு வருடம் அந்தப் பெயரில் நிற்குமாம்.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்ததும் அம்மாவிடம் ஒரு தோழியைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு நன்னிலம் போனேன். அங்கிருந்து ஒரு நகரப் பேருந்து. ஏன் போனேன் என்று போகும் வழியெல்லாம் யோசித்தேன். குறி எடுக்காமலே அவர் சமாளித்துக்கொள்வார் என்று தெரிந்தால் நிம்மதியாகத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேனோ?

வீட்டில் வீரையனும் அவர் மனைவி ஆனந்தவல்லியும் இருந்தார்கள். காணொளி பார்த்து வந்ததாகச் சொன்னேன். அப்படி நிறையப் பேர் வருகிறார்கள் போல, ஆச்சரியப்படவில்லை.

"தெனம் காலையில ஒரு போலீஸ்காரரு வந்து இவரு இருக்காரான்னு பாத்து, நிக்க வச்சுப் போட்டோ எடுத்துட்டுப் போறாரு. எங்க கல்யாணத்துக்குக்கூட இத்தன போட்டோ எடுக்கலைங்க," என்றார் ஆனந்தவல்லி.

"அதாச்சும் பரவால்ல. நாத்தங்கால்ல இலைப்பேன் விழுந்துருச்சு. மருந்தடிக்கணும். உரக்கடையில போயி நின்னா, 'அண்ணே, உங்க பேரு லிஸ்ட்ல இருக்கு, உங்களுக்கு மருந்து குடுக்கக் கூடாதுன்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டாங்க'ங்குறான்," என்றார் வீரையன்.

"நான் போயிக் கேட்டா, 'அவருக்குத்தான அக்கா?'ங்குறான். பின்ன எனக்கா, தலைக்குத் தேய்க்கவா?"

வீரையன் வீட்டை ஒட்டியிருந்த நாற்றங்காலைக் காட்டினார். நாற்றின் நுனிகள் சுருண்டு, ஊசி மாதிரி மஞ்சளாக நின்றன. இன்னும் நாலைந்து நாளில் மருந்து அடிக்காவிட்டால் மறுபடி விதை விட வேண்டும், இந்தக் குறுவை போய்விடும் என்றார். புகாராகச் சொல்லவில்லை. இன்றைய கிழமை என்ன என்று சொல்வதுபோல் சொன்னார்.

சொல்லிவிட்டேன். நான்தான் அந்த உறுதியை அழுத்தியவள் என்று.

வீரையன் சுருண்ட நாற்று ஒன்றைப் பிடுங்கி விரலில் உருட்டினார். பிறகு கேட்டார்: "நீங்க எந்த ஊருங்க?"

"திருக்காட்டுப்பள்ளி."

"வயல் இருக்குதுங்களா?"

"அஞ்சு மா இருக்கு."

"நஞ்சையா, புஞ்சையா?"

"நஞ்சை," என்றேன்.

ஆனந்தவல்லி உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். குடிக்காமல் எழுந்திருக்கத் தைரியம் இல்லை.

ஜூலை 7, திங்கள்

'என் பிழை' படிவம் ஒரே பக்கம். அ. விண்ணரசி என்று முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் வாங்கிப் படித்தார்.

"பொதுவா கேக்குறேன்னு சொன்னியேம்மா."

"ஆமா சார்."

"இன்னைக்கே அனுப்பிருறேன். நாளைக்கு நீ மனசு மாறிறக் கூடாதுல்ல."

ஜூலை 10, வியாழன்

குறி எடுத்தாகிவிட்டது. ஆனந்தவல்லி போனில் பேசினார். மருந்து கிடைத்துவிட்டதாம். பாதி நாற்று தப்பும் என்கிறார். மீதிக்குப் பக்கத்து வயல்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். "அவருகிட்ட குடுக்கவா?" என்று கேட்டார். போனை வாங்க மாட்டேன் என்று வீரையன் சொன்னது எனக்கே கேட்டது. நியாயம்தான்.

ஜூலை 18, வெள்ளி

மனுத் தளத்தின் முகப்பில் புதிதாக ஓர் அறிவிப்பு. "மனுதாரர்கள் 'நஞ்சை' என்ற சொல்லைத் தவிர்த்து 'நன்செய்' எனக் குறிப்பிட அறிவுறுத்தப்படுகிறார்கள்."

எந்திரத்துக்கு நம் பேச்சைக் கற்றுக்கொடுப்பது சிரமமாம். அதனால் நாம் அதன் பேச்சைக் கற்றுக்கொள்ள வேண்டும். இலக்கணப்படி நன்செய்தானே சரி என்று ராஜ்குமார் எழுதியிருக்கிறார். இலக்கணத்தில் அவர் சொல்வது சரி. ஆனால் நன்செய்யில் யாரும் நாற்று நட்டதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இன்று குழுவில் பெயரை மாற்றினேன். மதகு போய் விண்ணரசி. எல்லாவற்றையும் எழுதினேன் — சிவப்புக் கட்டம், ஏழு வினாடி, நான் எடுத்துக்கொண்ட நான்கு வினாடி, இலைப்பேன். "அந்த மனிதரைக் கேளுங்கள் என்றீர்கள் ராஜ்குமார். அது நான்தான். கேளுங்கள்."

மூன்று மணி நேரம் கழித்து அவர் ஒரு வரி எழுதினார். "தைரியத்துக்கு வணக்கம். ஆனால் என் வாதம் நிரூபணமாகிறது பாருங்கள்: தவறு செய்தது மனிதர்."

சரியான விவாதக்காரர். கோபம்கூட வரவில்லை.

ஜூலை 31, வியாழன்

காலையில் அலுவலகத்தில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு கடிதத்தை வாசித்தார்கள். "மனிதச் சரிபார்ப்பில் பிழை நேர்வது எழுத்துப்பூர்வமாக உறுதியாகியுள்ளதால், அந்தக் கட்டம் நீக்கப்படுகிறது. இனி மென்பொருள் நேரடியாகக் காவல் நிலையங்களுக்குத் தகவல் அனுப்பும்."

எழுத்துப்பூர்வமாக. என் எழுத்து.

இருபத்திரண்டு பேர். எல்லோருக்கும் இன்றே கடைசி நாள். நான் ஒருத்தி போவேன் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிஞ்சிருக்கணுமோ? இவ்வளவு படிச்சு என்ன பிரயோஜனம்?

ஜாஃபர் சாதிக் சாரின் பெயரும் இருபத்திரண்டுக்குள்தான். ஜாய்ஸ்தான் கேட்டாள்: "உன்ன யாருக்கா கையெழுத்துப் போடச் சொன்னது? அந்தாளு வயல் பொழைச்சுது. நாங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் மேசையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 2, சனி

ராஜ்குமாரிடமிருந்து தனிச்செய்தி. "மனிதரே இல்லாமல் நடத்த வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை."

உண்மை. அவர் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தது நான். அப்படியே பதில் அனுப்பினேன். படித்துவிட்டார் என்று காட்டியது.

இன்னொரு முறை அந்தப் படிவம் முன்னால் வந்தால் கையெழுத்துப் போடுவேனா? நாற்றின் நுனி கண்ணில் இருக்கும்வரை போடுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஜாய்ஸின் முகமும் கண்ணிலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஜாய்ஸுக்கு ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை கிடைத்துவிட்டதாம். வேறு யாரோ சொல்லித் தெரிந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

இத்தனை நாள் தள்ளிப்போட்டதை இன்று செய்தேன். மனுத் தளத்தில் நானே ஒரு மனு. 'நஞ்சை' என்ற சொல்லை அபாயப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும், மனுக்களை மறுபடி மனிதர்கள் முழுதாகப் படிக்க வேண்டும். சொந்தப் பெயர், சொந்த முகவரி. தவிர்க்கச் சொன்ன சொல்லை நான்கு இடத்தில் எழுதியிருக்கிறேன். எழுதாமல் அந்த மனுவை எப்படி எழுதுவது?

செப்டம்பர் 6, சனி

காலை ஏழரைக்கு வாசலில் ஒரு பெண் காவலர். சட்டையில் எழில்மொழி என்று பெயர். என் வயதுதான் இருக்கும்.

"விண்ணரசிங்கறது நீங்களா? வீட்டுல ஏதும் பிரச்சினையா? யாராச்சும் திட்டினாங்களா?"

அம்மா உள்ளேயிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தார். "ஐயோ மாதாவே, என்னடி பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணும் பண்ணலம்மா. மனு எழுதினேன்."

எழில்மொழி கைப்பேசியைப் பார்த்துப் படித்தார். கேட்க வேண்டிய கேள்விகள் அதில் வரிசையாக வந்திருந்தன போலிருக்கிறது. "பூச்சி மருந்து, எலி மருந்து, அந்த மாதிரி ஏதாவது வீட்டுல இருக்குதுங்களா?"

"இல்லைங்க. நஞ்சை இருக்கு. அஞ்சு மா."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் அம்மாவை. கைப்பேசியில் இருந்ததை இன்னொரு முறை, இந்தத் தடவை மெதுவாகப் படித்தார். எண்ணிப் பார்க்கவில்லை, ஏழு வினாடிக்கு மேல் ஆகியிருக்கும். சிரித்துவிட்டார்.

"எங்க வீட்டுல மூணு மா இருக்குங்க. இப்ப நான் என்னன்னு எழுதறது?"

"'நன்செய் தொடர்பான மனு'ன்னு எழுதுங்க," என்றேன். நானேதான் சொன்னேன். "இல்லைன்னா உங்களைத் தெனம் இங்க வர வச்சிருவாங்க."

"அது என்னங்க, நன்செய்? நாம அப்படியா சொல்றோம்?"

நோட்டை முன்கையில் வைத்து, நஞ்சை என்றே எழுதினார். ஸ்டேஷனுக்குப் போய் அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம். பிறகு என்னை வாசலில் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அம்மாவும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"நாளைக்கும் இதே நேரந்தானம்மா? காப்பி போட்டு வைக்கிறேன்," என்றார் அம்மா.