தவழும் உயரத்தில் விஷக்கொடி

அன்புள்ள கோரின்,

ஒரிகன் மழையில் நீயும் குட்டி ஓட்டிஸும் சுகம்தானே. இங்கே பென்சில்வேனியாவிலும் மழைதான், சுகம்தான். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. போனில் நீ சொன்னது மட்டும் மனதில் நிற்கிறது. விஷக்கொடி இருக்கும்வரை பிள்ளையை நம் புல்லில் இறக்கமாட்டேன், வந்தாலும் மோட்டலில்தான் தங்குவோம் என்றாய். கோபமில்லை. சிறுவயதில் அது பட்டு, கண் இரண்டும் வீங்கி மூடிக் கிடந்தவள் நீ.

மழை விட்டதும், மண் இளகியிருக்கும்போதே இறங்கினேன். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, அதற்குமேல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை, மணிக்கட்டைச் சுற்றி டேப். இழுத்தேன். அறுந்தது. தோண்டினேன். மேப்பிள் மரத்தில் மயிர்போல வேர்விட்டு ஏறியிருந்த தடித்த கொடியை இழுக்கவில்லை, அடியில் வெட்டி விட்டுவிட்டேன், மேலே தானாகக் காயட்டும். காய்ந்தாலும் தோலைப் புண்ணாக்கும் அதன் எண்ணெய் போகாது, அந்த மரத்தடிக்கு மட்டும் பிள்ளையை விடாதே. உன் லைல் மாமா வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார். "என்ன மெர்ல், நிலாவுக்கா கிளம்பிட்ட? ஜூலை நாலு, சுதந்திர தினத்துக்கு நான் கொளுத்துற குவியல்ல போடு, ஒரே தீ, முடிஞ்சுது" என்றார். "அந்தப் புகையை இழுத்துப் பாரு, அப்புறம் வாணவேடிக்கையை ஆஸ்பத்திரி ஜன்னல்லதான் பாக்கணும்" என்றேன். முறைத்தார். பிறகு அவரே போய்த் தடித்த கறுப்புப் பைகளை எடுத்து வந்தார். கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டோம். உடுப்பைத் தனியாகத் துவைத்தேன், கொடி வெட்டிய கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்தேன், பாத்திர சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கையைத் தேய்த்தேன். ஒரு தடிப்பும் இல்லை.

நின்று பார்த்தேன். ஒன்றுமில்லை. சுற்றி நடந்தேன். ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டிஸ் நடப்பதில்லையே. மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டு, முழங்காலிட்டு, வேலியிலிருந்து பின்படிவரை தவழ்ந்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா, "என்ன தேடுற, பல்செட்டையா?" என்று கத்தினாள். தவழ்ந்துகொண்டே போனேன். படிக்கு அடியில், நிழலில், என் மூக்குக்கு நேராக விஷக்கொடியின் மூன்று சிற்றிலைகள். சிவப்பு. பளபளப்பு. நிற்பவன் கண்ணில் படவே படாது.

அதையும் எடுத்தாயிற்று. வேர் எங்கோ மிச்சமிருக்கும், திரும்ப முளைக்கும், பொய் சொல்லமாட்டேன். நீங்கள் இங்கே இருக்கும்வரை, தினமும் காலையில் அவனுக்கு முன்னால் நான் தவழ்வேன்.

மோட்டலைப் பற்றி நீயே முடிவு செய். வந்தால் செருப்பை வெளியிலேயே கழற்றுங்கள். பிள்ளை மேனியில் ஒரு கொப்புளமும் எழாமல், உனக்கு நிம்மதியான தூக்கம் வாய்க்கட்டும்.

முழங்காலில் புல்கறையோடு,
உன் அப்பா
மெர்ல்