உங்கப்பா வாய் திறக்கிற பாட்டு

அடி அண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை.

கண்ணு ஆதவனுக்கு,

அம்மா ஆராயி எழுதறது. எல்லாரும் நலம்னு எழுதிட்டுத்தான் கடுதாசியைத் தொடங்கணும், இங்க அப்படி எழுத எனக்குக் கை வரல. நீயாவது அந்தப் போலந்துக் குளிர்ல சளி இருமல் இல்லாம வேளைக்குத் தின்னுட்டு நல்லா இருக்கணும்னு வாசல்ல நின்னு மலையைக் கும்பிட்டுட்டுதான் பேனாவை எடுத்தேன். நீ என் போனை எடுக்கறதில்ல. படுத்துக் கிடக்கற அப்பனைப் பாக்க வராத புள்ள அவரு செத்தாலும் வர வேணாம்னு நான் சொன்னேன், சொன்னதை இல்லைன்னு சொல்லப் போறதில்ல, அதுக்காகப் பெத்தவ நம்பரையே அடைச்சு வச்சிருக்கியே அதையும் நான் மறக்கப் போறதில்ல. அதெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும். ஆபீஸ் மெயிலை மட்டும் தினம் பாப்பன்னு உன் தங்கச்சி தென்றல் சொன்னா, அதான் இதை எழுதி முடிச்சதும் அவ போட்டோ எடுத்து அதுல அனுப்புவா, பேப்பர் பின்னாடி தபால்ல வரும். அஞ்சாவது படிச்சவ எழுத்து, கோணலாத்தான் இருக்கும், பாதியில விட்டுடாத. உங்கப்பா சாப்பிடறதில்ல ஆதவா. வாயே திறக்க மாட்டேங்கறாரு.

பக்கவாதம் வந்ததுல இருந்து வலது பக்கம் கையும் காலும் வரல, பேச்சும் போச்சு, அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. ஆஸ்பத்திரியில இருந்து கூட்டியாந்த புதுசுல அவருக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்டறதுக்குள்ள எனக்கு உசுரு போயிடும். சுவத்தைப் பாத்தே படுத்துக் கிடப்பாரு. டிவியில சினிமாப் பாட்டு போட்டா ரெண்டு ஸ்பூன் உள்ள போறதுக்குள்ள பாட்டு முடிஞ்சு சோப்பு விளம்பரம் வந்துடும், உடனே பல்லைக் கடிச்சுக்குவாரு. அப்ப தென்றல் உன் அலமாரியைச் சுத்தம் பண்றப்போ ஒரு பென் டிரைவ் கெடைச்சுது, என்னமோ இருக்குன்னு டிவியில சொருகினா. உன் இங்கிலீஷ் பாட்டு. ப்ராக் ராக்குனு ஒரு பேரு சொல்லுவியே, ஆல்பம் ஆல்பமா கதவைச் சாத்திக்கினு கேட்டுட்டு இருப்பியே, அதேதான். கச்சேரி வீடியோ எல்லாம் வரிசையா ஏத்தி வச்சிருந்த. நான் நிறுத்துடி அந்த இரைச்சலைன்னு கத்தினேன். தென்றல் நிறுத்தப் போறப்போ உங்கப்பா தலையைத் திருப்பினாரு. எத்தனையோ நாளா சுவத்தைப் பாத்துக் கிடந்த தலை கண்ணு அது. திருப்பி, டிவியைப் பாத்து, வாயைத் திறந்தாரு. நான் கஞ்சியை எடுத்து ஊட்டினேன்.

தென்றல் டிவியை உங்கப்பாவோட மைக் செட்டுல மாட்டி விட்டா, அன்னியில இருந்து அதுதான் எங்க வீட்டுச் சாப்பாட்டு மணி. அந்தப் பாட்டுல ஒரு வசதி, தொடங்கினா லேசுல முடியாது, ஒரு கிண்ணம் கஞ்சியும் முடிஞ்சு வாய் தொடைச்சு விட்டப்பறமும் ஓடிக்கினே இருக்கும். முன்னாடியெல்லாம் உன்னைத் திட்டுவேன், ஒரு பாட்டை எப்படா முடிப்பானுங்கன்னு. இப்ப அந்த நீளம்தான் எனக்கு சாமி. அவனுங்களுக்கெல்லாம் நானே பேரு வச்சிட்டேன். நாலு ஆர்மோனியத்தை அடுக்கி நடுவுல நிக்கறவனுக்கு அடுக்குக்காரன். கிட்டாருக்கு ரெண்டு கழுத்து வச்சிருக்கறவன் ரெட்டைக் கழுத்தன். புல்லாங்குழல் ஊதறவன் ஒருத்தன் எந்நேரமும் வேர்த்து வழிஞ்சுக்கினு இருப்பான், அவனை யாராவது ஒரு துண்டு எடுத்துத் தொடைச்சு விட்டா தேவலைன்னு இருக்கும். மேளம் அடிக்கறவன் தனியா வாசிக்கற இடத்துல உங்கப்பா இடது கையைக் கட்டில் சட்டத்துல தட்டுவாரு. கோயில் உற்சவத்துல தவில்காரரு ஏழு எண்ணி அடிப்பாருல்ல, அதே கணக்குல தட்டுவாரு. மைக் செட் போட்ட மனுசன், அத்தனை வருசம் தவிலுக்கு எதிர்ல மைக்கைப் புடிச்சு நிமுத்தி வச்ச காது, அதுக்கு அது புரியுது போலருக்கு. எனக்கும் போகப் போகப் பிடிச்சுப் போச்சு, பொய் சொல்லுவானேன். எதிர் வீட்டுப் பூக்காரம்மா என்ன ஆராயி, இந்த வயசுல ரெண்டு பேரும் டிஸ்கோ ஆடறீங்களான்னு கேட்டா. உன் வீட்டு சீரியலுக்கு இது எவ்வளவோ தேவலை, யாரும் யாருக்கும் விஷம் வைக்கலன்னு சொன்னேன். ஒரு பௌர்ணமிக்கு ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரரு ஒருத்தரு கிரிவலம் போறவரு நம்ம கேட்டுல நின்னுட்டாரு, நெஞ்சுல கைய வச்சுக்கினு பாட்டு முடியற வரைக்கும் கேட்டு, உங்கப்பாவைப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு. உங்கப்பா அப்ப சிரிச்சாரு. ஒரு பக்கம்தான் சிரிப்பு வரும், ஆனா சிரிச்சாரு.

இதை ஏன் இத்தனை நாளா எனக்குச் சொல்லலன்னு நீ கேப்ப. நீதான் காதை மூடிக்கினு போயிட்டியே. தென்றல் கல்யாணத்துல வேங்கிக்கால் மண்டபத்துல நடந்ததை நீயும் மறந்திருக்க மாட்ட, நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். ரிசப்ஷன்ல நீ ஆசையா உங்கப்பா செட்டுல உன் பாட்டைப் போட்ட, தாலி கட்டற வீட்டுல இதென்ன சாவு மேளம்னு உன் பெரியப்பா சகாதேவன் எழுந்து வந்து அத்தனை பேரு எதிர்ல வயரைப் புடுங்கி உன் மூஞ்சிக்கு நேரா வீசினாரு. பச்சைக் கரை வேட்டி, கழுத்துல நம்ம வீட்டுல வாங்கிக் கொடுத்த துண்டு, எல்லாம் அப்படியே என் கண்ணுல நிக்குது. உங்கப்பா வாயைத் திறக்கல. அன்னிக்கி ஏன் திறக்கலன்னு எனக்கும் சொல்லல, இப்ப கேட்டாலும் சொல்ல முடியாது. அண்ணன்காரன் எதிர்ல அவருக்கு எப்பவும் நாக்கு ஒட்டிக்கும். நீ உன் பாட்டு அப்பாவுக்கு அசிங்கம்னு நெனச்சுக்கினு போலந்துக்குப் போயிட்ட. அந்த அசிங்கத்தை வச்சுத்தாண்டா உங்கப்பன் இத்தனை மாசம் உசுரோட இருந்தாரு.

இப்ப வந்த கேடு என்னன்னு சொல்றேன். இந்த வாரம் வந்த பௌர்ணமிக்கு உன் பெரியப்பா வீட்டு ஆளுங்க கிரிவலப் பாதையில அன்னதானப் பந்தல் போட்டாங்க. அவரு மவன் கலையரசன் வந்து, சித்தி, பந்தலுக்கு ஸ்பீக்கர் பாக்ஸ் கம்மியா இருக்கு, சித்தப்பாவோட ரெண்டு பெரிய பாக்ஸையும் ஆம்ப்ளிபையரையும் ஒரு நாளைக்குக் கொடுன்னு கேட்டான். நான் வெந்நீர் எடுக்கப் பின்பக்கம் போயிருந்தேன், சாமி காரியம்தானேன்னு அங்கிருந்தே எடுத்துக்கோன்னு சொன்னேன். அவன் பாக்ஸோட டிவியில சொருகியிருந்த பென் டிரைவையும் புடுங்கிக்கினு போயிட்டான். மறுநாள் சாயந்திரம் கொண்டாந்து கொடுத்துட்டு பெருமையா சொல்றான், சித்தி, உள்ள ஒரே இங்கிலீஷ் குப்பையா இருந்துச்சு, எல்லாத்தையும் துடைச்சுட்டு சுத்தமா சிவன் பாட்டு ஏத்தியாந்திருக்கேன், நோயாளி இருக்கற வீட்டுல இனிமே அதைப் போடு, புண்ணியம்னு. அவன் மூஞ்சியைப் பாத்தா நல்லது பண்ணிட்ட பூரிப்பு. அடப்பாவி, உங்கப்பன் வயரைப் புடுங்கினான், நீ பாட்டையே புடுங்கிட்டியேடான்னு கையில இருந்த கிண்ணத்தை வீசிட்டேன். அவனுக்கு இன்னும் விளங்கல. சாமி பாட்டு போட்டதுக்கு சித்தி அடிக்க வராங்கன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரியறான். நான் சாமியைக் கும்பிடாதவளா? அண்ணாமலையாரே வந்து எதிர்ல நின்னாலும் உங்கப்பா வாய் எதுக்குத் திறக்குதோ அதைத்தானே நான் போடணும்?

சிவன் பாட்டு போட்டுப் பாத்தேன், சுவத்தைப் பாத்துத் திரும்பிட்டாரு. தென்றல் ராணிப்பேட்டையில இருந்து புள்ளையைத் தூக்கிக்கினு ஓடியாந்து போன்ல தேடு தேடுன்னு தேடறா. பேரு தெரிஞ்சாத்தானே, நீ எல்லாத்துக்கும் ஒண்ணு ரெண்டுன்னு வெறும் நம்பரைத்தான் போட்டு வச்சிருந்தியாம். நான் அடையாளம் சொல்லச் சொல்ல அவ தேடினா, அடுக்குக்காரன் மாதிரி பத்துப் பேரு வரானுங்க, எவனும் நம்ம அடுக்குக்காரன் இல்ல. கொஞ்சம் கிட்டக்க வந்த ஒண்ணைப் போட்டோம், அப்பாவும் தலையைத் திருப்பினாரு, நான் ஸ்பூனைக் கிட்ட கொண்டு போறேன், நடுவுல நகைக்கடை விளம்பரம் வந்து கத்துது. முடிஞ்சுது. அந்த வெள்ளைக்காரருக்காவது பேரு தெரியும்னு ஆசிரமத்துக்கு ஆட்டோ புடிச்சுப் போய் விசாரிச்சேன், எந்த வெள்ளைக்காரருன்னு கேக்கறாங்க, நெஞ்சுல கைய வச்சுக் கேட்டாரேன்னு சொன்னா சிரிக்கறாங்க. அப்பறம் ஒரு அம்மா, அவரு ஊருக்குப் போயிட்டாருன்னு சொன்னாங்க. வழி பூரா அழுதுக்கினே வந்தேன். ஆட்டோக்காரரு யாராவது தவறிட்டாங்களாம்மான்னு கேட்டாரு. இன்னும் இல்லைப்பான்னேன்.

டாக்டர் வந்து பாத்துட்டு, இப்படியே போனா தாங்காது, வியாழக்கிழமை கூட்டியாங்க, மூக்கு வழியா குழாய் வச்சுடலாம்னு சொல்லிட்டாரு. அவரு மேல தப்பில்ல, அவரு உசுரைக் காப்பாத்தத்தான் சொல்றாரு. ஆனா முதல்ல ஆஸ்பத்திரியில குழாய் வச்சப்போ உங்கப்பா இடது கையால புடுங்கிப் போட்டுட்டாருன்னு அந்தக் கையைக் கட்டில் கம்பியில துணி வச்சுக் கட்டி வச்சாங்க. அவருக்கு மிச்சம் இருக்கறதே அந்த ஒரு கைதான் ஆதவா. அந்தக் கையைக் கட்டினப்போ அவரு என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதை நான் இன்னொரு வாட்டி பாக்க மாட்டேன். அந்தக் கை தாளம் போடற கை. அதைக் கட்டிட்டா அவரு வாயில மட்டுமில்ல, மனசுலயும் பூட்டு போட்டுக்குவாரு, எனக்குத் தெரியும், நான் கூட வாழ்ந்தவ.

உன்கிட்ட அந்தப் பாட்டெல்லாம் வேற எங்கயாவது கட்டாயம் இருக்கும்னு தென்றல் சொல்றா. கம்ப்யூட்டர்லயே அனுப்பினா அன்னிக்கே வந்துடுமாம். உன் கால்ல வேணா விழறேன், முதல்ல அதை அனுப்பு, அதே வரிசையில அனுப்பு, மாத்திடாத, புல்லாங்குழல்காரன் முதல்ல வரணும், அவன் வந்தாத்தான் அப்பாவுக்கு சோத்து வேளைன்னு புரியும். அப்பறம் நீ வா. கலையரசன் திருப்பிக் கொடுத்த பாக்ஸுல ஒண்ணு அடித் தொண்டை கட்டினாப்பல கரகரங்குது, ஆம்ப்ளிபையர்ல பட்டன் எல்லாத்தையும் இஷ்டத்துக்குத் திருகி வச்சிருக்கான். முன்ன அந்தக் கனத்த பேஸ் சத்தம் வந்தா கட்டில் கால் வரைக்கும் அதிரும், உணர்ச்சி இல்லாத வலது கையை அதுக்குத்தான் சட்டத்து மேல எடுத்து வைக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டுவாரு. அது வெறும் டிவி சத்தத்துல வராது. ஊர்ல செட்டு தெரிஞ்சவனெல்லாம் உன் பெரியப்பா ஆளு, அவனுங்களை என் வாசப்படி மிதிக்க விட மாட்டேன். உங்கப்பாவுக்கு அடுத்து அந்தப் பட்டன் எங்க நிக்கணும்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். கோபத்தை விட்டுட்டு வான்னு நான் சொல்லல. கோபத்தோடவே வா. நானும் விடல, நீ மட்டும் ஏன் விடணும். என்கூடப் பேச வேணாம், அப்பாகிட்டயும் பேச வேணாம், அவராலயும் பேச முடியாது. வந்து பாக்ஸை சரி பண்ணி, பாட்டைப் போட்டுட்டு, கட்டிலாண்ட உக்காரு.

இன்னிக்கிக் காலையில நடந்ததையும் எழுதிடறேன். கஞ்சியை வச்சுக்கினு எதுவும் தோணாம உக்காந்திருந்தேன். அவரு கை சட்டத்துல ஏழு ஏழா தட்ட ஆரம்பிச்சுது. எனக்கு ஒரு தடவை காதுல விழுந்தது போவாதுன்னு உனக்குத் தெரியுமே, சரின்னு நானே பாட ஆரம்பிச்சேன். வார்த்தை தெரியாது, புல்லாங்குழல் எப்படிப் போவுமோ அப்படியே வாயால ஊதினேன், தென்றல் மவ என்னைப் பாத்துக் கையைத் தட்டிச் சிரிச்சுது. உங்கப்பா தலையைத் திருப்பினாரு. வாயைத் திறந்தாரு கண்ணு. ஒரு ஸ்பூன் போச்சு, பாடிக்கினே இன்னொண்ணு போச்சு. அப்பறம் எல்லாரும் ஒண்ணா சேர்ற இடம் வந்துச்சு, அடுக்குக்காரன் ஒரு பக்கம் போறான், ரெட்டைக் கழுத்தன் ஒரு பக்கம் போறான், மேளம் வேற வழியில ஓடுது. எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு, நாலு பேரு போற வழியும் தனித்தனியாத் தெரியுது, ஆனா எனக்கு இருக்கறது ஒரு வாய்தானே. நான் அங்க நின்னுட்டேன். உங்கப்பா வாயைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் என்னைப் பாத்துட்டு இருந்தாரு, வரும் வரும்னு. வரலன்னதும் மூடிக்கிட்டாரு.

அண்ணாமலையார் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் கொடுக்கட்டும். வெளியில போறப்போ காதை மூடிக்கோ, ரொட்டியையே தின்னு வயித்தைக் காய வைக்காத. வியாழக்கிழமைன்னு சொன்னேனே, மறந்துடாத. நான் விட்ட இடம் எதுன்னு பாட்டைக் கேட்டா உனக்கே தெரியும், அங்க இருந்து அனுப்பு.

உன் போன்ல இன்னும் என் பேர் அழியாம இருந்தா,
உன் அம்மா,
ம. ஆராயி