அராசெக்கிலிருந்து ஓர் அழைப்பு

மார்ச் 9, 1996, சனி

உறைமழை. வாசற்படிக்கு உப்புப் போட்டாயிற்று.

தம்பி அன்ரன் நேற்றுப் பின்னேரம் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்தான். ஆறு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். மெலிவு. முன்நெற்றியில் முடி குறைந்துவிட்டது. பெட்டி நிறையச் சணல் செருப்பு. அவன் வேலை செய்யும் பட்டறையில் தைத்தவை. அம்மாவுக்கு, இவருக்கு, எனக்கு, மகளுக்கு என்று ஆளுக்கொரு சோடி. வெளியே பனி, வீட்டுக்குள் எல்லோரும் கோடைச் செருப்போடு நடக்கிறோம்.

எயார்போர்ட்டிலேயே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன வருத்தம், எங்கே நோகுது என்று கேட்டான். அம்மா முழித்தார்.

"வருத்தமோ? கண்ணில வெள்ளை விழுந்திருக்கு. திங்கட்கிழமை எடுக்கினம். அண்டைக்கே வீட்டுக்கு விட்டிடுவினமாம்."

தம்பி என்னைப் பார்த்தான். ரெலிபோனில் நான் 'ஒப்பரேஷன்' என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். கண் என்று சொல்லவில்லை. பொய் இல்லை. ஆனால் கண் என்றால் வந்திருப்பானா?

ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தான். கேட்டிருந்தால் நல்லது.

நாளைக்கு: அம்மாவின் சொட்டு மருந்து, மீன், பிக்கரிங்குக்குக் கோல்.

மார்ச் 11, திங்கள்

அம்மாவுக்குச் சுகமாக முடிந்தது. ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண்ணையும் மூடிக்கொண்டு செற்றியில் படுத்தபடி, "உன்ர ஊரைப் பற்றிச் சொல்லடா, கேப்பம்" என்றார்.

உன்ர ஊர். அம்மா சும்மாதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அராசெக். பிரனே மலையின் அடிவாரம். கனடாவுக்கு வருமுன் நானும் ஒன்றரை வருடம் அவனோடு இருந்த இடம். என் ஞாபகத்தில் ஈரக் கம்பளி மணம், பகலிலும் பூட்டிய யன்னல் கதவுகள், பஸ் நிலையத்தில் எங்களையே பார்க்கும் கண்கள். அவன் சொல்வது வேறு ஏதோ ஊர். சனிக்கிழமைச் சந்தையில் தேன்காரர் கூப்பிட்டு ருசி பார்க்கக் கொடுப்பாராம். கோடை தொடங்க ஆட்டு மந்தைகள் மணி கட்டி மலைக்குப் போகும்போது பெரிய தெருவையே மூடிவிடுவார்களாம், தபால்காரரும் சைக்கிளை இறக்கிவிட்டு நிற்க வேண்டுமாம். முந்தி ஆற்றில் கம்பளி கழுவி நெய்த ஊர். பிறகு தொப்பி. பிறகு செருப்பு. ஏழெட்டுப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒன்று. அதிலும் சீனாச் செருப்பு வந்ததோடு பாதிப் பேர் போய்விட்டார்கள். இவனை வைத்திருக்கிறார்கள்.

"அங்க எங்கட சனம் ஒருத்தரும் இல்லையே?" அம்மா.

"ஒருத்தரும் இல்லை. ஆனா என்னை எல்லாருக்கும் தெரியும்."

 அம்மா நித்திரையோ என்று பார்த்தேன். இல்லை.

சனிக்கிழமை பிக்கரிங்கில் சாப்பாடு என்று அவனிடம் சொன்னேன். கோயிலில் பழக்கமான குடும்பம், மகள் நிரோமி, வங்கியில் வேலை. சிரித்தான். சாப்பாடு என்றால் வருகிறேன் என்றான். இது சரிவந்தால் இங்கேயே நிற்பான். அம்மாவின் ஆசை அது. என்னுடையதும்தான்.

மார்ச் 13, புதன்

வெயில், ஆனால் காது விறைக்கிற குளிர்.

எனக்கு வேலை இல்லாத நாள். அம்மாவைக் கண் டொக்டரிடம் காட்ட இவரும் தம்பியும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது ரெலிபோன். பிரெஞ்சு. அராசெக்கில் பாண் கடை வைத்திருக்கும் கொலெத். மதாம் ஒலிவாவின் வீட்டுக்கு எதிர்க்கடை.

மதாம் ஒலிவா எங்களுக்கு மேல்மாடி அறை தந்தவர். தம்பி இன்னும் அதே அறையில்தான். அவருக்கு அவன் விறகு வெட்டுவான், மருந்து எடுத்துக் கொடுப்பான், ஞாயிறுகளில் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள்.

மெதுவாகப் பேசச் சொன்னேன். மெதுவாகச் சொன்னாள். மதாம் விழுந்துவிட்டார். இருதயம். பெரிய ஆஸ்பத்திரியில். நினைவு இருக்கிறது. அன்ரனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உடனே வரச் சொல்லுங்கள்.

நான் "உய், உய், மெர்சி" என்றேன். வைத்துவிட்டேன்.

எல்லாம் விளங்கியது. ஒரு சொல்லும் தப்பவில்லை.

அவர்கள் வரும்போது அம்மாவும் தம்பியும் எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்கள். கட்டு எடுத்தாயிற்று. "சுவர் இவ்வளவு வெள்ளையோ பிள்ளை?" என்று அம்மா வீடு முழுக்கப் பார்த்தார். சோறு போட்டேன். சாப்பிட்டு முடியச் சொல்வோம் என்று நினைத்தேன். பிறகு, தேத்தண்ணி முடிய. பிறகு மகள் பள்ளிக்கூடத்தால் வந்துவிட்டாள்.

இன்று சொன்னால் நாளைக்கே ஏறிவிடுவான். ஏறினால் திரும்பி வரமாட்டான். சனிக்கிழமை முடியட்டும்.

மார்ச் 14, வியாழன்

கடையில் கணக்கு இரண்டு தரம் பிழை. மனேஜர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

பஸ்ஸில் பின்சீற்றில் எங்கட ஆக்கள் இருவர். "உவ எந்த நாளும் சாகப்போறன் எண்டுதான் சொல்லுவா. போன கிழமையும் கலியாணவீட்டில மூண்டு வடை." சிரித்தார்கள். எனக்கு ஒரு ஆறுதல். அப்படித்தான் இருக்கும். மலைக்காரப் பெண்கள். லேசில் போகமாட்டார்கள்.

எனக்குக் காய்ச்சல் வந்தபோது மதாம் உள்ளிச் சூப் வைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். மணம் பிடிக்காமல் சிங்கில் ஊற்றினேன். அடுத்த நாளும் கொண்டுவந்தார். அதையும் ஊற்றினேன். காய்ச்சல் விட்டதும் தன் சூப்தான் மாற்றியது என்று தெரு முழுக்கச் சொன்னார். மறுக்க எனக்கு அப்போது பிரெஞ்சு போதாது.

ஏன் இதை எழுதுகிறேன்.

மார்ச் 15, வெள்ளி

தவக்கால வெள்ளி. சிலுவைப்பாதை. தம்பி எனக்குப் பக்கத்தில் நின்று பாடினான். தமிழ்ப் பாட்டில் சொற்கள் பாதி மறந்துவிட்டன, மெட்டை மட்டும் முனகினான். அராசெக் கோயிலில் பாடகர் குழுவில் இருக்கிறானாம், அடிக்குரல். பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இருவர் இருக்கும்போது விலகி வந்துவிட்டேன். சாமிக்குச் சொல்லி என்ன, யாரிடம் சொல்ல வேண்டுமோ அவன் காரில் இருக்கிறான்.

வரும் வழியில் சொன்னான், ஞாயிற்றுக்கிழமை மதாமுக்குக் கோல் எடுக்க வேண்டுமாம். தான் இல்லாமல் கோழிகளைக் கொலெத் ஒழுங்காக அடைக்கிறாளோ தெரியாதாம்.

இவரிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நிமிடமே தம்பியிடம் போய்ச் சொல்லிவிடுவார். அதனால்தான் சொல்லவில்லை.

மார்ச் 16, சனி

பிக்கரிங். புது வீடு, புதுக் கம்பளம், வாசலில் சப்பாத்து மலை போல. இறால், கணவாய், பிட்டு.

நிரோமி நல்ல பிள்ளை. கூச்சம் இல்லை. தம்பியிடம் நேரே கேட்டாள், ஏன் பரிஸ் போகாமல் அப்படி ஒரு மூலைக்குப் போனீர்கள் என்று. அவன் கதைக்கத் தொடங்கினான். இவன் இவ்வளவு கதைப்பான் என்று எனக்குத் தெரியாது.

மலைக்கு அந்தப் பக்கம் ஸ்பெயின். அங்கே சண்டை நடந்த காலம் சனம் பனிக்குள்ளால் நடந்து வந்ததாம். மதாமுக்கு அப்போது ஐந்து வயது. தகப்பனின் தோளில் வந்தவர். அராசெக்கார் முதலில் கதவைப் பூட்டினார்களாம். ஒரு செருப்புத் தொழிலாளியின் பெண்சாதி மட்டும் திறந்தாளாம். பிறகு ஒவ்வொரு வீடாகத் திறந்ததாம். அந்த முதல் வீட்டில்தான் மதாம் வளர்ந்தார். அந்த வீட்டு மாடியில்தான் தம்பி இருக்கிறான்.

எனக்கு இது எதுவும் தெரியாது. ஒன்றரை வருடம் அந்த மாடியில் இருந்திருக்கிறேன். நான் கேட்கவே இல்லை.

"எங்களை ஏன் வச்சிருக்கிறியள் எண்டு ஒருக்காக் கேட்டனான்," என்றான் தம்பி. "நீங்களும் நடந்துதானே வந்தனீங்கள் எண்டா. இல்லை மதாம், நாங்கள் பிளேனில வந்தனாங்கள் எண்டன். அதெல்லாம் ஒண்டுதான் எண்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நிரோமி கேட்டாள்: "அவ இப்ப எப்பிடி இருக்கிறா?"

"நல்லா இருக்கிறா. கோழி வளர்க்கிறா. என்னோட சண்டை பிடிக்கிறா."

என் கையில் பாயாசக் கிண்ணம். கீழே வைக்க இடம் தேடினேன்.

மார்ச் 17, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும், அவன் ரெலிபோனைக் கையில் எடுக்குமுன், சொல்லிவிட்டேன். கொலெத் கோல் எடுத்தவள், மதாமுக்குச் சுகமில்லையாம். எப்போது என்று கேட்டான். நேற்று என்றேன். நேற்று என்று ஏன் சொன்னேன் தெரியாது. வாய் தானாகச் சொன்னது.

எடுத்தான். நான் குசினிக்குள் நின்றேன். முதலில் கேள்வி கேட்கும் குரல். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றான்.

மதாம் ஒலிவா நேற்று மத்தியானம் இறந்துவிட்டார். அங்கத்தைய மத்தியானம். நாங்கள் பிக்கரிங்குக்கு வெளிக்கிடவே இல்லை அப்போது. பாயாசம், சிரிப்பு, நல்லா இருக்கிறா, எல்லாம் அதற்குப் பிறகு.

குசினி வாசலில் வந்து நின்றான்.

"கொலெத் புதன்கிழமை எண்டு சொல்லுறாள்."

நான் கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவினேன்.

"உனக்குப் பிரெஞ்சு மறந்துபோச்சோ அக்கா? விளங்கேல்லையோ?"

கோபமில்லை. எனக்கு வழி திறந்துவிட்டுக்கொண்டு நின்றான். வேண்டுமென்றே.

"ஓம்," என்றேன்.

தலையாட்டினான். பேஸ்மென்ற்றுக்கு இறங்கிப் போனான்.

மார்ச் 18, திங்கள்

இன்றைக்குத்தான் பிளேனில் சீற் கிடைத்தது. அடக்கம் நாளைக்கு. ஒரு நாள் தள்ளிவைக்கக் கேட்டான். பல ஊருக்கும் சேர்த்து ஒரே சாமியார், நாளை மாற்ற ஏலாதாம். பரிசிலிருந்து ரயிலில் போய்ச் சேர எல்லாம் முடிந்திருக்கும். தெரிந்துகொண்டும் போகிறான்.

அம்மா அழுதார். கண்ணுக்குக் கூடாது என்று தம்பி சொட்டு மருந்து விட்டான். எயார்போர்ட்டுக்கு இவர் கூட்டிப் போனார். நானும் ஜக்கற் போட்டுக்கொண்டு நின்றேன். "குளிருக்குள்ள ஏன் அக்கா" என்றான்.

பின்னேரம் நிரோமி கோல் எடுத்தாள். தகப்பனோ தாயோ இல்லை, அவளே. விஷயம் கோயில் ஆக்கள் யாரோ சொன்னார்களாம். தம்பியின் விலாசம் கேட்டாள், இரண்டு வரி எழுதிப் போட. எப்போது தெரியவந்தது, பாவம், கடைசியாக ஒருக்காப் பார்க்கக் கிடைத்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். விலாசத்தைச் சொன்னேன். எனக்கு அது இன்னும் மனப்பாடம்.

மார்ச் 20, புதன்

பனி கரைகிறது. பின்வளவு சேறு.

அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. நான் பாத்திரம் கழுவும்போது வந்து பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். "அண்டைக்கு மீன் வெட்டேக்க யாரும் கோல் எடுத்தவையோ?" என்றார்.

ஓம் என்றேன்.

"ம்," என்றார் அம்மா. துணியை எடுத்துப் பாத்திரங்களைத் துடைக்கத் தொடங்கினார். ஏசவில்லை. ஏசினால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். உங்களுக்காகத்தானே என்று சொல்லியிருப்பேன். அது முழுக்க உண்மையும் இல்லை. இந்த ஊரில் நான் தனியாக இருக்கிறேன் என்று எனக்குத்தான் பயம்.

மார்ச் 24, ஞாயிறு

மழை. மகளுக்குத் தடிமன்.

தம்பி கோல் எடுத்தான். நான்தான் தூக்கினேன். போய்ச் சேர்ந்த அன்றைக்கே கல்லறைக்குப் போனானாம், மண் இன்னும் ஈரமாம். சந்தைக்காரர் எல்லோரும் வேலையை விட்டு அடக்கத்துக்கு வந்திருந்தார்களாம். வீடு மதாமின் பெறாமகனுக்குப் போகுமாம், கோடை வரைக்கும் இவன் இருக்கலாமாம். பட்டறையும் எவ்வளவு நாளைக்கோ தெரியாதாம். எல்லாம் சாதாரணமாகச் சொன்னான்.

இங்கே வா என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"தம்பி," என்றேன். "எனக்குப் பிரெஞ்சு மறக்கேல்லை. அண்டைக்கு எல்லாம் விளங்கினது."

அங்கே யாரோ கதவைச் சாத்தும் சத்தம். பிறகு அவன் மூச்சு.

"தெரியும் அக்கா," என்றான். "அம்மாட்டக் குடு."

கொடுத்தேன்.