உயிரோடு ஒப்படைத்தேன்

மார்ச் 3, 2025

பிரெஞ்சு வகுப்புப் பிள்ளைகள் போனதும் தவமலர் அக்கா வந்தார். முல்லைத்தீவுக்காரர். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவிலேயே வாடகைக்கு இருக்கிறார். ஜெனீவாவில் ஒரு சர்வதேசக் குழுவுக்கு மகனைப் பற்றி பிரெஞ்சில் மனு வேண்டுமாம். போர் முடிந்தபோது, விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்ற பேச்சை நம்பி, இவரே அவனை ராணுவத்திடம் ஒப்படைத்திருக்கிறார். பிறகு அவன் வரவேயில்லை.

'திஸ்பாரு' என்று எழுதினேன். காணாமல் போனவன் என்று பொருள் சொன்னேன்.

"காணாமப் போறதுக்கு அவன் என்ன குடையோ டீச்சர்? என்ர கையால உயிரோட குடுத்தனான்!"

சுரீரென்றது. அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'உயிரோடு ஒப்படைக்கப்பட்டவன்' என்று எழுதினேன்.

ஏப்ரல் 28

பதில் இல்லை. இன்றும் வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 9

வந்துவிட்டது பதில். அவர்கள் வகைப்பாட்டில் எங்கள் சொல் கிடையாதாம். மறுபடியும் 'திஸ்பாரு' ஆக்கி, 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி.

கல்லறைத் திருநாளில் எங்கள் கோயில் பிரெஞ்சுப் பூசையில் செத்தவர்களுக்குச் சொல்கிற சொல் அந்த 'திஸ்பாரு'! யாரைக் கேட்டு அந்தப் பையனைப் புதைச்சாங்க? பதினாறு வருஷமா கவனத்துல கொள்றாங்களே — வெக்கமா இல்ல? உலகத்துக்கே நியாயம் சொல்ல வந்துட்டாங்க, பெரிய இவனுங்க!

போய்ச் சொன்னேன். அழுவார் என்று பயந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இனி அவைக்கு எழுத வேண்டாம் டீச்சர். எனக்கு ஒரு அட்டை எழுதித் தாங்கோ."

ஜூன் 10

தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதினேன். எட்ட நின்றாலும் தெரிகிற எழுத்து.

ஜூன் 14

பீச் ரோட்டில் சாயங்காலக் கூட்டம். தவமலர் அக்கா அட்டையோடு நடுவில் உட்கார்ந்துவிட்டார். 'உயிரோடு ஒப்படைத்தேன். என் மகன் எங்கே?' நடக்க வந்தவர்கள் நின்று படித்தார்கள். ஒரு பெண் போலீஸ் வந்தார்.

"பர்மிஷன் இருக்காம்மா?"

"என்ர பிள்ளைய வாங்கேக்க ஆரும் பர்மிஷன் கேக்கேல்லை."

அந்தப் பெண் அட்டையை மறுபடி படித்தார். குரல் இறங்கிவிட்டது.

"சரிம்மா... எப்ப கிளம்புவீங்க?"

"அவன் வரேக்க."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை வகுப்பு இல்லை என்று பிள்ளைகளுக்கு மெசேஜ் போட்டாயிற்று.