சிவப்புப் பெயிண்ட்

ஏற்காடு,
14.11.2022

அன்புள்ள சின்னத்தம்பிக்கு,

ஜாபர் அலி எழுதுவது. நானும் ஜரீனாவும் சௌக்கியம். மஸ்கட் வெயிலில் உன் உடம்பு நலமாக இருக்க தினமும் துவா செய்கிறோம். இங்கே மூன்று நாளாகப் பனிமூட்டம். காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கிவிட்டது.

சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்ட நம் நாலு சக்கர பைக்கை நீ போன பிறகு யாரும் தொடவில்லை. கொரோனாவும் வந்தது, மூன்று வருஷம் தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. போன வாரம் நானே கார்புரேட்டரைக் கழற்றினேன். சிரிக்காதே. பழைய பெட்ரோல் வெல்லப்பாகு மாதிரி உள்ளே ஒட்டிக் கிடந்தது. பெட்ரோல் போகும் அந்தச் சின்ன ஜெட்டைக் கழுவியதும் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஜரீனா வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்து, "ஏனுங்க, இந்த ஓட்டைல வெளிச்சமே வரலீங்களே" என்றாள். ஊசி விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும் என்று நீ சொல்வாயே, அதனால் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்றடித்தேன். வண்டி கிளம்பிவிட்டது!

தடத்தில் பத்து நிமிஷம் ஓடியது, நின்றது. சற்று விட்டு உதைத்தால் கிளம்பியது, திரும்ப நின்றது. கோடை விழா அன்றைக்கு நடந்ததே, அதேபோல. பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டல்லவா, அதைச் சிவப்புப் பெயிண்ட் அடைத்திருந்தது. காற்று போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்?

விழாவுக்காக அந்தப் பெயிண்டை அடித்தவன் நான்தான்.

மேட்டில் வண்டி நின்று பின்னால் உருண்டு, ஓட்டிக்கொண்டிருந்த சுற்றுலாப் பெண்ணுக்கு முழங்கை சிராய்த்தபோது நீ சொன்னாய்: "பாய், கார்புரேட்டர்ல ஒண்ணுமில்லீங்க. பெட்ரோலு எறங்க மாட்டேங்குது. கொஞ்சம் பொறுங்க, பாக்கறேன்." பார்க்க விட்டேனா? வேலை தெரியாவிட்டால் ஸ்பேனரைக் கீழே வை என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். நீ வைத்துவிட்டுப் போனாய்.

பெயிண்டைச் சுரண்டிய பிறகு வண்டி ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. எனக்குத்தான் அதில் உட்கார மனம் வரவில்லை. அன்று கூட இருந்த டீக்கடைப் பொன்னுவேலிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

பிறகு கிளியூரில் உன் வீட்டுக்குப் போய், உன் மனைவி பூவாயியிடம் சொன்னேன். உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து வைத்தது. "எங்கிட்ட சொன்னா ஆச்சுங்களாண்ணா? அவருகிட்டயும் சொல்லுங்க" என்று உன் விலாசத்தை எழுதிக் கொடுத்தது. இரண்டு முறை போன் போட்டேன். மணி அடிக்கும் முன்னே நானே வைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. நேற்று வாழவந்தியிலிருந்து வந்த புதுத் தம்பதி இரண்டு சுற்று போய்ச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

மார்ச்சில் உனக்கு லீவு என்று பூவாயி சொன்னது. வேலைக்கு வா என்று கேட்கும் முகம் எனக்கு இல்லை. எங்கள் ஊட்டில் ஒருவேளை சாப்பிட வா. நீ எப்போது வந்தாலும் சரி. படைத்தவன் உன் கைக்கு ஒரு குறையும் வராமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பாய்,
ஜாபர் அலி