மாட்டு டாக்டரின் நாற்காலி

டாக்டர்,

இன்று காலை அலுவலக அலமாரியில் ஒரு வரைபடச் சுருளைத் தேடியபோது உங்கள் காக்கிப் பை கையில் சிக்கியது. ஜிப்பை இழுத்ததும் ஃபினாயில் வாடை. ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆன பிறகும் ஒரு மனிதரின் பையில் அந்த வாடை எப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நீங்கள் இருக்கும்போதே கேட்டிருக்கிறேன். "அது பையில இல்லம்மா, என் தோல்ல இருக்கு" என்பீர்கள். வாடை மூக்கில் ஏறியதும் அழுகை வருமோ என்று பயந்தேன். சிரிப்புதான் வந்தது. பைக்குள் எப்போதோ கூட்டத்தில் பரிமாறிய இரண்டு பிஸ்கட், காகிதத்தில் சுற்றியபடி இருந்தன. அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பதுக்கியதாகத்தான் இருக்கும்.

கூட்ட அறையில் உங்கள் நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்த பை இது. நீங்கள் போன மறுமாதம் அதை எடுக்கச் சொன்னார்கள். குழுவில் காலியான இடத்துக்கு ஒருவர் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும், அதை நான்தான் எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். படிவம் வந்தது. பெயர், வயது, கல்வித் தகுதி, அப்புறம் கொட்டை எழுத்தில் 'தொழில்முறைப் பின்னணி'. விண்ணப்பம் போட்டிருந்த நான்கு பேருமே கட்டடக் கலைஞர்கள். ஒருவர் என்னோடு கல்லூரியில் படித்த தோழி, நல்ல திறமைசாலி. கோப்பைக் கவனிக்கும் அதிகாரி போனில் இதமாகத்தான் பேசினார். "மேடம், போன தடவை மாதிரி இல்லாம இந்தத் தடவை பொருத்தமான ஆளா போட்டுருவோம்."

போன தடவை என்றால் நீங்கள். எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்த வேகத்தில் போனை வைத்துவிட்டேன். ஆனால் டாக்டர், உண்மையைச் சொல்கிறேன், நீங்கள் முதல்முறை அந்த அறைக்குள் வந்தபோது நானும் இதையேதான் நினைத்தேன்.

பாரம்பரியக் கட்டடங்களுக்கான ஆலோசனைக் குழு. சுற்றிலும் ஒரு வரலாற்றுப் பேராசிரியர், ஒரு வக்கீல், பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற இன்ஜினியர், கட்டடப் பாதுகாப்பில் மேல்படிப்பு படித்த நான். ஆளாளுக்கு எங்கள் பின்னணியை நீட்டி முழக்கிச் சொல்லி முடித்தோம். கடைசியாக நீங்கள் எழுந்தீர்கள். "நான் உசிலம்பட்டி மாட்டு டாக்டரு. முப்பத்தஞ்சு வருசமா மாட்டு வயித்துக்குள்ள கைய விட்டுக் கன்னு எடுத்தேன். அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். வக்கீலுக்குக் காபி புரையேறிவிட்டது.

உங்களை ஏன் போட்டார்கள் என்பது பிறகு நீங்களே சொல்லித்தான் தெரியும். பேரையூர் போகிற வழியில் இருக்கும் பழைய சத்திரத்தை இடிக்கக் கூடாது என்று திங்கள்கிழமை தவறாமல் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். மனு வாங்கி வாங்கி அலுத்துப்போன ஒருவர், இந்த ஆளைக் குழுவிலேயே போட்டுவிட்டால் மனுத் தொல்லை விடும் என்று போட்டுவிட்டார். அதைச் சொல்லிவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அந்தச் சத்திரத்தின் மேற்குப் பகுதியை இடித்தே ஆக வேண்டும் என்று அறிக்கை எழுதியிருந்தவள் நான்தான். இடுப்பு உயரத்துக்குச் சுவர் முழுக்க ஈர ஓதம். பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உள்ளே செங்கல் மாவாகிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கண்மாயின் தண்ணீர் அடித்தளத்தில் ஏறுகிறது, சுவர் தாங்காது என்று படத்தோடு எழுதி, கீழே பெரிதாகக் கையெழுத்தும் போட்டிருந்தேன். இன்ஜினியர் அதை ஆமோதித்தார். இடித்தால் சாலையும் அகலமாகும் என்று மற்றவர்களுக்கும் சந்தோஷம்.

இடிப்பதற்கு முன் ஒப்புக்கு ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் எல்லோரும் ஜீப்பில் போனோம். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. நான் சுவரைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கிறேன், உங்களைக் காணவில்லை. கண்மாய்க்குள் இறங்கி, வெடித்துக் கிடந்த மண்ணில் நின்றுகொண்டு அங்கிருந்தே கத்தினீர்கள்.

"ஆர்க்கிடெக்ட்டம்மா! கண்மாயி வறண்டு ரெண்டு வருசமாச்சு. தண்ணி எங்கேருந்து ஏறுது?"

நிலத்தடி நீர், நுண்துளை என்று ஏதோ உளறினேன். நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்து சுவருக்கு முன்னால் குந்தினீர்கள். ஓரிடத்தைத் தடவினீர்கள். மற்ற இடமெல்லாம் சொரசொரவென்று இருக்க, அங்கே மட்டும் காரை வழவழவென்று குழிந்திருந்தது. அதே உயரத்தில் வரிசையாக நாலைந்து குழிகள். அப்புறம் ஒரு விரலைச் சுவரில் தேய்த்து, யாரும் எதிர்பாராத நேரத்தில் நாக்கில் வைத்துக்கொண்டீர்கள்.

"ஐயையோ, என்ன சார் பண்றீங்க!" என்று பேராசிரியர் பதறினார்.

"உப்பு" என்றீர்கள். "மாடு நக்குன சுவரு சார் இது. மாடு கட்டுன எடம். நூறு வருசத்து மூத்திரம் சுவத்துக்குள்ள நிக்கிது. அந்த உப்பு காத்துல இருக்குற ஈரத்தக் குடிக்கிது, அதுதேன் ஓதம் காக்குது. அடித்தளத்துல ஒரு கோளாறும் இல்ல."

இது சாப்பாட்டுக் கூடம் என்று அந்தக் காலத்துக் குறிப்பில் இருப்பதாகப் பேராசிரியர் சொன்னார். நீங்கள் அவரையே பார்த்தபடி நின்றீர்கள். "குறிப்பு எழுதுனவரு முன்பக்கமாவே வந்துட்டு முன்பக்கமாவே போயிருப்பாரு சார். எங்கப்பா பண்ணைக்காரவுக மாட்ட மதுரைச் சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போறப்ப இங்கதேன் தங்குவாரு. எங்க ஆளுகளுக்கு இந்தப் பக்கம் மட்டுந்தேன் அனுமதி. மாட்டுக்கு அந்தப் பக்கம் ராத்திரிப் பூரா நானும் படுத்துருக்கேன்."

நீங்களே தொடர்ந்தீர்கள். "இன்னைக்கு முன்வாசல்ல ஜீப்புல வந்து எறங்குறேன். எங்கப்பா மட்டும் பாத்திருந்தாருன்னா, மாட்ட அப்புடியே விட்டுட்டு ஓடியாந்திருப்பாரு!" மறுபடி அதே சிரிப்பு. பிறகு சத்திரத்துக் காவலாளியிடம் கடப்பாரை வாங்கி, ஒரு மூலையில் பிற்காலத்துச் சிமெண்ட் தரையைப் பெயர்த்தோம். அடியில் மாட்டுக் கயிறு கோக்கத் துளையிட்ட கற்கள் சுவரோரமாக வரிசை பிடித்துக் கிடந்தன. நீங்கள் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனீர்கள்.

நான் சுவர்த்தூளைப் பொட்டலம் கட்டி ஆய்வுக்கு அனுப்பினேன். நீங்கள் சொன்னதேதான் முடிவாக வந்தது. அந்த முடிவுத் தாளோடு திருநகர் வீட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போட்ட அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும், அதுவும் அதே ஆட்களுக்கு முன்னால். ஒரு வாரம் அந்தத் தாளை ஒளித்து வைத்துக்கொண்டு நாளைக் கடத்தினேன். நீங்கள் ஒருமுறைகூட போன் செய்து கேட்கவில்லை. எட்டாவது நாள் நானே பஸ் ஏறி உசிலம்பட்டிக்கு வந்தேன்.

"வாங்கம்மா" என்று முறுக்குத் தட்டை நீட்டினீர்கள். விஷயத்தை நான் சொல்லி முடித்ததும், "இதுக்குப் போயா மொகத்த இம்புட்டு நீளத்துக்கு வச்சிருக்கீக? நான் எம்புட்டு மாட்டுக்குத் தப்பான ஊசி போட்டுருக்கேன் தெரியுமா? மறுநா விடிஞ்சதும் அதே வீட்டு வாசல்ல போயி நின்னு, ஏப்பா, நேத்து நான் சொன்னது தப்புன்னு சொல்லணும். அம்புட்டுத்தான் வேல" என்றீர்கள். பிறகு மெதுவாகக் கேட்டீர்கள். "ஆமா, எட்டு நாளா எங்கே போயிருந்தீக?"

அடுத்த கூட்டத்தில் அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். நீங்கள் எதிரே உட்கார்ந்து தூங்குவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தீர்கள். அது பாவனைதானா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

எல்லாவற்றிலும் நீங்கள்தான் ஜெயித்தீர்கள் என்று சொல்லிவிட மாட்டேன். இடிக்காமல் பழுது பார்ப்பதென்று முடிவானதும், சுவருக்குப் பளபளவென்று நீல நிற எனாமல் அடிக்கச் சொல்லி மூன்று கூட்டம் அடம் பிடித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அடித்தால் சுவர் மூச்சுவிட முடியாமல் மறுபடி உதிரும் என்று நான் தொண்டை வறளக் கத்தினேன். "தப்புன்னா தப்புதேன்" என்று கடைசியில் ஒத்துக்கொண்டாலும், ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தபோது மட்டும், "பரவால்ல, சுமாரா இருக்கு" என்றீர்கள்.

அந்த வேலையின்போதுதான் பேச்சியம்மாளை நாம் பார்த்தோம். பேரையூர்ப் பக்கம். சித்தாளாகச் சேர்ந்து முப்பது வருடமாகச் சுண்ணாம்பு வேலை, இப்போது பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவர். காகிதக் கூழையும் களிமண்ணையும் பிசைந்து சுவரில் அப்பி, காய்ந்ததும் உரித்தெடுத்து, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தது அவர் கைதான். அவசரத்துக்கு அடியில் சிமெண்ட் பூசிவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் மூட்டையை இறக்கியபோது, அந்த மூட்டையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு மதியம் வரை எழுந்திருக்காதவர். நீங்கள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து துணைக்குக் கடலை கொறித்தீர்கள்.

படிவத்தை வைத்துக்கொண்டு நாலு நாள் யோசித்ததில் எனக்கு அவர் பெயர்தான் வந்தது. தோழியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளுக்கு வருத்தம்தான், இன்னமும் சரியாகப் பேசுவதில்லை. பேச்சியம்மாளைத் தேடிப் போனால் அங்கே அதற்கு மேல் சிக்கல்.

"அங்க வந்து நான் என்னத்தப் பேச? படிச்சவக கூடுற எடம்" என்றார், பூச்சுக் கரண்டியைக் கழுவிக்கொண்டே.

"சுவரைப் பத்திப் பேசுற எடம்க்கா. சுவரைத் தொடுறவங்க ஒருத்தர்கூட அங்கே இல்லை. ஒரு நாற்காலி காலியா இருக்கு."

"யாரு ஒக்காந்திருந்த நாற்காலி அது?"

உங்களைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார். "எங்க எருமைக்குக் கன்னு வயித்துல குறுக்க நின்னப்ப, கொட்டுற மழையில சைக்கிள்ல வந்த மனுசன். அவரு எடமா? அப்ப வாரேன்."

கல்வித் தகுதி: எட்டாம் வகுப்பு. தொழில்முறைப் பின்னணி: சுண்ணாம்பு வேலை, முப்பது ஆண்டுகள். அதிகாரி மறுபடி போன் செய்தார். இந்தக் கோப்பு நகராது என்றார். அந்தச் சத்திரத்தை இடிக்கச் சொல்லி எழுதியது ஒரு முதுகலைப் பட்டதாரி, காப்பாற்றியது ஒரு மாட்டு டாக்டரும் ஒரு சித்தாளும், இதையே எழுத்தில் தரட்டுமா என்று கேட்டேன். தந்தேன். என் பழைய அறிக்கையின் நகலையும் கூடவே இணைத்தேன். மூன்று வாரம் இழுத்தடித்து, போன வாரம் ஆணை வந்தது.

நேற்று அவருக்கு முதல் கூட்டம். பச்சைப் பட்டுச் சேலை, கையில் ஒயர் கூடை. உங்கள் நாற்காலியில் நுனியில்தான் உட்கார்ந்தார். ஒரு சந்தை மண்டபத்தைப் பழுது பார்ப்பதற்கு நான் போட்ட திட்டத்தைத் திரையில் காட்டினேன். நான்கு மாத உழைப்பு. சித்திரையில் பூச்சுத் தொடங்கி வைகாசியில் முடிகிறது. எல்லோரும் தலையாட்டினார்கள். ஒப்புதல் எழுதப் பேனாவைத் திறந்தாயிற்று.

"இது தப்பும்மா" என்றார் பேச்சியம்மாள்.

திரையை விரலால் காட்டினார். "அக்னி நட்சத்திரத்துல சுண்ணாம்பு பூசுனா பாளம் பாளமா வெடிச்சுப் போகும்."

"ஈரச் சாக்குப் போட்டு மூடிக்கலாமே" என்றார் இன்ஜினியர்.

"சாக்க நனைக்கத் தண்ணிக்கு எங்க போவீக? அந்த ஊருக்குக் குடிக்கவே லாரித் தண்ணிதேன் வருது."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த ஊருக்கு நான் ஆறு தடவை போயிருக்கிறேன், டாக்டர். அளந்தேன், படம் எடுத்தேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரையும் கேட்கவில்லை. பழைய நானாக இருந்தால் அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் இன்னும் எட்டு நாள் ஒளிந்திருப்பேன்.

எழுந்து போய் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நான் போட்டது தப்பு. எந்த மாசம்க்கா, சொல்லுங்க" என்று கேட்டு, எல்லோரும் பார்க்க என் அட்டவணையை நானே அடித்துத் திருத்தினேன். அவர் அப்போதுதான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா, டாக்டர்? ஒருவர் என்னைத் தப்பு என்று சொல்லி நான் இத்தனை சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அதை உடனே ஓடிவந்து சொல்ல உசிலம்பட்டியில் நீங்கள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.