அளவு வளையல்

1959 ஆனி, வெள்ளி. புதூர்நாடு.



பக்கத்து வீட்டு வள்ளிக்கு இன்று வளைகாப்பு. கண்ணாடி வளையல் என் பரிசாக இருக்கட்டும் என்று நானே கேட்டு, அவள் கணவன் சின்னப்பனிடம் அளவுக்கு ஒரு பழைய வளையல் வாங்கியிருந்தேன். மலை இறங்கும் வழியிலேயே அதைத் தொலைத்தேன். திருப்பத்தூரில் குத்துமதிப்பாக வாங்கிவந்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

இன்று அந்த வளையல்கள் வள்ளியின் கையில் ஏறவில்லை. ஒன்று உடைந்து ரத்தம் வந்தது. எல்லார் முகமும் மாறியது.

"டீச்சரம்மாகிட்ட இன்னாடா அளவு குடுத்தே?" என்று சின்னப்பனை அவன் அம்மா கூட்டத்தில் திட்டினாள்.

"மாத்திக் குடுத்துட்டேன் போலம்மா" என்று தலைகுனிந்தான். நான் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

புறப்படும்போது அவனே வந்தான். "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சரம்மா. என்னாலதான் உங்களுக்கும் சங்கடம்."

"பரவாயில்லை" என்று அவனை மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன்.